வாசலுக்கு வரும் காவல்

போலீஸ்காரர் ஒருவர் முதன்முதலாக என் வீட்டு கேட்டைத் தட்டிய அன்று, நான் போய்த் திறப்பதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது. சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் எங்களுடையது சின்னச் சந்து. மொத்தம் பன்னிரண்டு வீடு. காக்கிச் சட்டை ஒரு வாசலில் நின்றால் மற்ற பதினோரு வாசலிலும் பேச்சு அதுதான். "டீச்சர் வீட்டுக்கு எதுக்கு போலீஸ் வந்தாங்க?" என்று மறுநாள் பால் ஊற்றுகிறவர் வரைக்கும் கேட்டுவிட்டார். நான்தான் கூப்பிட்டேன், உதவிக்காக வந்தார் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

தெருக்காவல் என்ற பேச்சை நம் பக்கம் எங்கே தொடங்கினாலும் அது முதலில் இந்த ஜன்னலில்தான் போய் முட்டும். போலீஸ் படியேறினால் குடும்பத்துக்கு இழுக்கு, நாம் ஸ்டேஷன் படியேறினால் அதைவிட இழுக்கு. என் அம்மா கடைசிவரை ஸ்டேஷன் இருக்கும் தெரு வழியாக நடந்ததில்லை. கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். நான் முப்பத்தொரு வருஷம் இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். எனக்கும் அந்தப் பயம் முழுதாக விட்டதில்லை.

அன்றைக்கு அந்தப் போலீஸ்காரர் வந்தது என் வீட்டைப் பூட்டுவதற்காக. கொரோனாவுக்கு முந்தைய வருஷம், மகளுக்குப் பிரசவம். பெரம்பூரில் மூன்று வாரம் இருந்தாக வேண்டும். ஆந்திரப் போலீஸ் 2017 வாக்கில் கொண்டுவந்த பூட்டிய வீட்டுக் கண்காணிப்பு (எல்எச்எம்எஸ் என்பார்கள்) பற்றிக் கேள்விப்பட்டு, பேத்தியின் துணையோடு போனில் பதிவு செய்திருந்தேன். காசு கிடையாது. ஊருக்குப் போகும் தேதியைச் சொன்னால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து வீட்டுக்குள் ஒரு சின்னக் கேமராவை வைத்துவிட்டுப் போவார். பூட்டிய வீட்டில் ஏதாவது அசைந்தால் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். ரோந்தில் இருக்கும் வண்டி கிளம்பி வரும்.

கேமரா வைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதன்பிறகு அரைமணி நேரம் கேள்வி கேட்டார்.

"சாவி இன்னொண்ணு யார்கிட்ட இருக்கு டீச்சரம்மா?"

"எதிர்வீட்டுல."

"பேப்பர் போடறத நிறுத்தச் சொல்லிட்டீங்களா? நாலு நாள் பேப்பர் வாசல்ல கிடந்தா அதுவே ஊருக்குச் சொல்லிடும். பின்னால கொய்யாமரக் கிளை சுவர் மேல சாஞ்சிருக்கு, அதை வெட்டச் சொல்லுங்க. ராத்திரி எதிர்வீட்டுக்காரங்க ஒரு லைட் போட்டு அணைச்சா நல்லது."

எல்லாம் தமிழில் கேட்டார். பலமநேர்ப் பக்கத்துக்காரர், அம்மா வழியில் தமிழ். பீட் கான்ஸ்டபிள் என்ற சொல்லை அதுவரை செய்தித்தாளில்தான் படித்திருந்தேன். எங்கள் தெருவுக்கென்று அப்படி ஒருவர் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் பட்டதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷம் முன்பு என் கணவரை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் அங்கேயே கிடந்த நாட்களில் வீட்டை உடைத்துவிட்டார்கள். அம்மா போட்ட இரண்டு வளையலும் வெண்கலப் பானையும் போயின. புகார் கொடுக்கப் போன ஸ்டேஷனின் பெயர் வேண்டாம். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வளையலுக்குப் பில் கேட்டார்கள். என் அம்மாவின் கல்யாணத்துக்குச் செய்த வளையலுக்கு நான் எங்கே போய்ப் பில் வாங்குவேன்? கடைசியில் ரைட்டர், "ஊருக்குப் போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமேம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. யாரிடம் சொல்வது? அந்தக் கட்டடத்தில் எனக்குப் பெயர் தெரிந்த ஒரு ஆள் கிடையாது. என் பெயர் தெரிந்தவரும் அங்கே இல்லை.

சொல்லிவிட்டுப் போக ஒரு ஆள். தெருக்காவல் என்றால் எனக்கு இதுதான்.

ஸ்டேஷன் எல்லை என்பது பெரியது. அதைப் பீட் பீட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓரிரு காவலர் பொறுப்பில் விடுவார்கள். தன் பீட்டில் புதிதாக யார் குடிவந்தார்கள், எந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், எந்த முனையில் ராத்திரி குடித்துவிட்டு உட்காருகிறார்கள், யார்மேல் ரவுடி ஷீட் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேராக பைக்கில் வந்து நிற்பவர்களை எங்கள் ஊரில் ப்ளூ கோல்ட்ஸ் என்பார்கள். சண்டை என்று போன் போனால் முதலில் வருபவர்கள் அவர்கள். திங்கட்கிழமைகளில் எஸ்பி ஆபீசில் மனு வாங்குகிறார்கள். இவை எல்லாமே நல்ல ஏற்பாடுகள். ஆனால் பைக் வருவது சண்டை வந்த பிறகு, மனு போவது பொறுமை போன பிறகு. சண்டைக்கு முன்னால் வருபவர் பீட் கான்ஸ்டபிள் ஒருவர்தான்.

2019-க்குப் பிறகு இன்னொருவரும் வருகிறார். அந்த வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி ஆந்திராவில் கிராம, வார்டு சசிவாலயங்கள், அதாவது செயலகங்கள், தொடங்கின. மாநிலம் முழுக்கச் சுமார் 15,000. ஒவ்வொன்றிலும் மற்ற செயலாளர்களோடு பெண்கள் பாதுகாப்புக்கென்று ஒரு பெண்ணையும் பரீட்சை வைத்து எடுத்தார்கள். பிறகு அவர்களை மகிளா போலீஸ் என்று அழைத்தார்கள். 2021-ல் அதற்கு அரசாணை வந்தது. அதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. சீருடை, அதிகாரம் என்றெல்லாம் வாதம் நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் வார்டுக்கு வந்த பெண் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். மதனப்பள்ளிப் பக்கத்துப் பெண், பட்டதாரி. அங்கன்வாடி, பள்ளிக்கூடம், பதினெட்டு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் வீடு, புருஷன் அடிக்கும் வீடு, எல்லாம் அவள் கணக்கில். 2020 பிப்ரவரியில் திசா ஆப் வந்தபோது எங்கள் சந்தில் அத்தனை பெண்களின் போனிலும் ஏற்றிக் கொடுத்தது அவள்தான். ஆபத்தில் போனைக் குலுக்கினாலே போலீசுக்குத் தகவல் போய்விடும் என்று செய்து காட்டினாள். ஐதராபாத் அருகே 2019 நவம்பரில் கொல்லப்பட்ட கால்நடை மருத்துவப் பெண்ணுக்குப் போலீஸ் வைத்த பெயர் திசா. அந்தப் பெயரில் ஆந்திரச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா சட்டமாகவில்லை. 2024-ல் ஆட்சி மாறியது; 2025 மார்ச்சில் சக்தி என்று வேறு ஆப், வேறு குழுக்கள். பெயர்கள் மாறட்டும். வாசலுக்கு வருகிற அந்தப் பெண் மாறாமல் இருந்தால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவளால் நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். எங்கள் சந்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி. எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஆரணிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அறுபது வருஷத்தில் தெலுங்கில் காய்கறி விலை கேட்கத் தெரியும், அழத் தெரியாது. இங்கே ஒன்றாம் தேதியானால் முதியோர் பென்ஷன் வீட்டுக்கே வந்துவிடும். அன்று சாயங்காலம் மகன் வருவான். பணத்தை வாங்கிக்கொண்டு போவான். கொடுக்கத் தயங்கினால் கை ஓங்குவான். சந்துக்கே சத்தம் கேட்கும். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பெற்ற பிள்ளை, குடும்ப விவகாரம் என்று இருந்துவிட்டோம். நானும் இருந்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மகிளா போலீஸ் பெண் ஒருநாள் பாட்டியின் கையிலிருந்த கன்றலைப் பார்த்து, என்னை வந்து கூட்டிப்போனாள். பாட்டி தமிழில் சொல்ல, நான் தெலுங்கில் சொன்னேன். கேஸ் கொடுக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டதும் பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பிள்ளைய ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் யாருக்காக சோறாக்கறது கண்ணு?" இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கே புரிந்துவிட்டது.

கேஸ் போடவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென்று 2007-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, பிள்ளைகள் கவனிக்காவிட்டால் அதற்கான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம், வக்கீல் வைக்கக்கூடத் தேவையில்லை என்று மட்டும் பீட் கான்ஸ்டபிள் வந்து மகனை உட்காரவைத்துச் சொன்னார். அடுத்த ஒன்றாம் தேதி சாயங்காலம் எதிர் டீக்கடையில் அவர் வந்து நின்றார். அதற்கடுத்த மாதமும் நின்றார். நாலு மாதம். ஒரு டீ குடித்துவிட்டு, பாட்டி வீட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான். எந்தப் பதிவேட்டிலும் இது ஒரு வழக்காக ஏறியிருக்காது. தீர்த்துவைத்த குற்றங்களின் எண்ணிக்கையிலும் வராது. பாட்டியின் கையில் பிறகு கன்றல் இல்லை.

நான் பிறந்தது நகரிக்குப் பக்கத்துக் கிராமம். சித்தூர் மாவட்டமே 1911-ல்தான் பிறந்தது, அதற்குமுன் நாங்கள் வட ஆற்காடு. 1953 அக்டோபர் வரை இங்கே இருந்ததும் மெட்ராஸ் போலீஸ்தான். 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நகரி இந்தப் பக்கம் நின்றது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் ஊருக்கு ஊர் ஒரு தலையாரி இருந்தார், தெலுங்கில் தலாரி. எங்கள் ஊர்த் தலையாரி ராத்திரி கோலைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெளியூர் ஆள் சத்திரத்தில் படுத்திருந்தால் விடிவதற்குள் மணியக்காரருக்குத் தெரிந்துவிடும், அவர் மூலமாக ஸ்டேஷனுக்கும். அந்த முறையில் சாதியும் இருந்தது, அடிமைத்தனமும் இருந்தது. தலையாரி எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பரம்பரைப் பதவிகளான கர்ணம், முன்சீப் இரண்டையும் 1984-ல் என்.டி.ராமராவ் அரசு ஒழித்தது நியாயம். ஆனால் ஊருக்குள்ளிருந்து ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த செய்தி வழி ஒன்று அதோடு அறுந்தது. சசிவாலயத்துப் பெண் நோட்டுப் புத்தகத்தோடு வரும்போது எனக்கு அந்தக் கோல் சத்தம் கேட்கிறது. இவளுக்குத் திண்ணையில் இடம் இருக்கிறது, அதுவும் நடுத்திண்ணையில்.

தலையாரிக்கும் மேலே, வெள்ளைக்காரன் போலீசை உண்டாக்குவதற்கு முன், இந்தச் சீமையின் காவல் பாளையக்காரர்கள் கையில் இருந்தது. பங்காருபாளையம், கல்லூர், புலிச்செர்லா என்று சித்தூரைச் சுற்றிப் பல பாளையங்கள். காவல்கூலி வாங்கிக்கொண்டு ஊரைக் காப்பது அவர்கள் கடமை. அந்தக் கடமை எப்படியெல்லாம் கெட்டது என்பதைச் சரித்திரப் புத்தகத்தைவிடத் திருப்பதி கங்கம்மா நன்றாகச் சொல்கிறாள்.

என் தம்பி திருப்பதி கொர்லகுண்டாவில் இருக்கிறான். மே மாதம் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரைக்கு வருஷம் தவறாமல் போவேன். கதை இதுதான்: ஊரை ஆண்ட பாளெகாடு, அதாவது பாளையக்காரன், ஊர்ப் பெண்களைக் கெடுத்தான். கங்கம்மா அவனை அழிக்கக் கிளம்பினாள். அவன் ஒளிந்துகொண்டான். அவள் ஒரு நாளைக்கு ஒரு வேஷமாகப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினாள். கடைசியில் துரை வேஷத்தைக் கண்டு ஏமாந்து வெளியே வந்தவனைக் கொன்றாள். அதனால்தான் அந்த ஒரு வாரமும் திருப்பதியில் ஆண்கள் வேஷம் கட்டுகிறார்கள். பைராகி, பண்ட, தோட்டி, துரை, மாதங்கி. கடைசி நாளில் புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு, மீசையோடு, பக்தியோடு ஆயிரக்கணக்கில் வருவார்கள். காவலுக்கு இருந்தவனே கொடுமைக்காரன் ஆனதையும், அவனைப் பிடிக்கத் தெய்வமே வீதி வீதியாக ரோந்து வந்ததையும் ஓர் ஊர் நூற்றாண்டுகளாக நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய காவல் பாடம் எனக்குத் தெரியாது.

இந்த ஜாத்திரையில் போலீஸ் வேலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முகமெல்லாம் சாயம்; யார் எவர் என்று தெரியாது. பண்ட வேஷம் கட்டியவர்கள் எதிரில் வருபவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவது சம்பிரதாயம். அம்மனுக்கு உகந்தது என்று திட்டு வாங்கியவர்களும் கும்பிடுவார்கள். நேற்று மாற்றலாகி வந்த காவலர் அதைக் கேட்டால் கழுத்தைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுவார். பல வருஷமாக அந்தப் பீட்டில் இருப்பவருக்குத்தான் எந்தத் திட்டு நேர்த்திக்கடன், எந்தத் திட்டு சாராயம் என்று தெரியும். சாயத்துக்கு அடியில் இருப்பது எந்தத் தெருப் பையன் என்பதை வேப்பிலை விற்கும் அம்மாவிடம் கேட்டுக்கொள்வார்.

ஆனால் திருப்பதியில் வருஷத்தில் ஒரு வாரம்தான் ஊர்க்காரர்களின் தெரு. மற்ற நாளெல்லாம் வந்து போகிறவர்களின் தெரு. 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்துக்குள் இருந்த நகரம். மலைமேல் தரிசனத்துக்குப் போகிறவர்கள் மட்டும் ஒரு நாளைக்கு அறுபது, எழுபதாயிரம் பேர். இன்று பார்த்த முகம் நாளை இருக்காது. அக்கம்பக்கம் என்ற சொல்லுக்கே அங்கே பொருள் வேறு. அலிபிரியிலும் லீலா மகால் சந்திப்பிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் மாறாமல் இருப்பவர்கள் ஆட்டோக்காரர்கள், பூக்காரிகள், லாட்ஜில் சாவி கொடுக்கும் பையன்கள், போர்ட்டர்கள், டீக்கடைக்காரர்கள். பீட் காவலருக்கு அவர்கள்தான் ஊர். குழந்தையைத் தொலைத்துவிட்டு விழிக்கும் தர்மபுரிக்காரருக்கும், போலி டிக்கெட்டில் ஏமாந்த நாக்பூர்க்காரருக்கும் முதலில் கண்ணில் படுவது ஸ்டேஷன் போர்டு இல்லை, பூக்கூடைதான். என் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் பூ கட்டும் ஒரு அக்காவுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், கொஞ்சம் இந்தி. வழி தெரியாமல் அழும் பிள்ளைகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு முழம் மல்லிகையைக் கையில் கொடுத்துவிட்டு, பீட் போலீசுக்குப் போன் போடுவார்.

அந்தக் கூட்டத்தில் அப்படித் தெரிந்த முகம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் 2025 ஜனவரி 8-ஆம் தேதி இரவுதான் கண்முன் வருகிறது. வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகப் பைராகிபட்டெடாவில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல். ஆறு பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் அதில் உண்டு. அன்றிரவு தம்பிக்குப் போன் போட்டுப் போட்டு என் விரல் வலித்தது.

இதை எழுதும்போது இன்னொரு நாளைத் தாண்டிப் போக என்னால் முடியாது. 2015 ஏப்ரல் 7 விடியற்காலை, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சேஷாசலம் காட்டில் இருபது தமிழர்களைச் சிறப்புப் படை சுட்டது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து ஏழைகள். சில நாள் இரண்டு மாநிலத்துப் பஸ்ஸும் சரியாக ஓடவில்லை. சித்தூர்க் கடைத்தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். என் வகுப்பில் ஒரு பையன், "நம்மளயும் சுடுவாங்களா டீச்சர்?" என்று கேட்டான். காக்கி ஒன்றுதான், காட்டில் சுட்டவரும் தெருவில் காவல் நிற்பவரும் வேறு வேறு மனிதர்கள் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பீட் காவலர் ஒருவர் வருஷக்கணக்கில் ஒரு தெருவில் சேர்க்கும் நம்பிக்கையை, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விடியற்காலை துடைத்துவிட்டுப் போய்விடும்.

தெருவைக் காப்பது என்றதும் யாரிடமிருந்து என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. எங்கள் சந்தில் பழைய பேப்பர் பொறுக்க வரும் எருக்கலச் சமூகத்துப் பெண்களை முதலில் சந்தேகப்படுவது போலீஸ் அல்ல, நாங்கள்தான். 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-ல் ஒழிந்தது; நம் வாயிலிருந்து இன்னும் ஒழியவில்லை. "அவங்க ரெண்டு தலைமுறையா இதே தெருவுக்கு வர்றாங்க, உங்களுக்கு முன்னாலேயே" என்று என் எதிர்வீட்டுக்காரரைத் திருத்தியவர் அந்தக் கான்ஸ்டபிள்தான்.

இப்படிப்பட்ட தெருக்காவல் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1993-ல் ராமநாதபுரம் எஸ்பியாக இருந்த பிரதீப் வி.பிலிப், போலீஸ் நண்பர்கள் என்று ஊர்க்காரர்களைச் சேர்த்து ஓர் இயக்கம் தொடங்கினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஸ்ரீபெரும்புதூர்க் குண்டுவெடிப்பில் காயம்பட்டுப் பிழைத்தவர் அவர். பிறகு திருச்சியில் ஜே.கே.திரிபாதி கமிஷனராக இருந்தபோது பீட் காவலர்களைத் தெருவோடு பழகவிட்டதையும் புகார்ப் பெட்டிகள் வைத்ததையும் அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். கேரளத்தில் 2008 முதல் ஜனமைத்ரி. சிங்கப்பூரில் இருக்கும் என் மாணவி ஒருத்தி, அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கீழேயே காவல் நிலையம் இருப்பதை ஒருமுறை எழுதியிருந்தாள். அங்கே 1983-ல் ஜப்பானின் கோபன் (தெருமுனைக் காவல் சாவடி) முறையைப் பார்த்துத் தொடங்கியது அது. இவை எல்லாவற்றிலும் நடந்த வேலை ஒன்றுதான்: ஒரே ஆள், ஒரே தெரு, திரும்பத் திரும்ப.

இங்கே அதுதான் நிற்கமாட்டேன் என்கிறது. பிரம்மோற்சவம் வந்தால் மற்ற மாவட்டக் காவலர்களெல்லாம் திருப்பதிக்குப் போய்விடுவார்கள். கருட சேவை அன்று எங்கள் பீட்டில் ஆள் இருக்கமாட்டார். மந்திரி வந்தால் பந்தோபஸ்து, தேர்தல் வந்தால் பந்தோபஸ்து, காணிப்பாக்கத்தில் பிள்ளையார் உற்சவம் என்றால் அதற்கும். மகிளா போலீஸ் பெண்ணுக்கோ சசிவாலயத்தில் சர்வே வேலை முடிவதே இல்லை. தெருவில் நடப்பதை ஒரு வேலையாக யாரும் எண்ணுவதில்லை. கையில் வேறு வேலை இல்லாதபோது செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பார்த்ததும் இதையேதான். தேர்தலுக்கும் கணக்கெடுப்புக்கும் டீச்சரை அனுப்பிவிட்டுப் பிள்ளைக்கு ஏன் படிக்க வரவில்லை என்று கேட்பார்கள்.

பலமநேர்க்காரருக்குப் போன ஆடியில் மாற்றல் வந்தது. போகும் முன் பாட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். பாட்டி இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தார். என் வீட்டில் கிளையை வெட்டிய அந்த மரத்துப் பழம்தான், காய்ப்பு நிற்கவில்லை.

பத்து நாள் கழித்துப் புதியவர் வந்து கேட்டைத் தட்டினார். சின்னப் பையன், கடப்பாப் பக்கம், தமிழ் ஒரு சொல் தெரியாது. கையில் பழையவரின் நோட்டுப் புத்தகம். வரிசையாக வீட்டு எண்ணைப் படித்து, பெயரைப் படித்து, ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு வந்தார். இந்த முறை எதிர்வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. கதவு திறந்தது, அந்த அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தார். கடைசி வீட்டுக்கு எதிரே பழையவர் எழுதியிருந்ததைப் புதியவரால் படிக்க முடியவில்லை. தமிழ் எழுத்து. என்னிடம் நீட்டினார்.

"பாட்டி. ஒன்றாம் தேதி. டீக்கடை" என்று இருந்தது.

தெலுங்கில் சொன்னேன். பேனாவை எடுத்து அதன் கீழேயே எழுதிக்கொண்டார். பிறகு டீக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டார்.